தொழுமரமும் சம்மனும்

1816ஆம் ஆண்டிலே, கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. அந்த ஆண்டின் பதினோராவது ரெகுலேஷன் என்பது அதன் பெயர். வாய்ச்சண்டை, வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற சில்லறைக் குற்றங்களை ஊர்த் தலைவரே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றது அந்தச் சட்டம். தண்டனை என்ன? கிராமச் சாவடியிலே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்து வைப்பது. அத்துடன் நின்றிருந்தால் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை நாம் தேடி எடுக்க வேண்டிய தேவையில்லை. அடுத்த வரியிலேதான் அதன் உள்ளம் தெரிகிறது. குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியார் எனக் கருதப்பட்டவராக இருந்து, இழிவான தண்டனை அவருக்குத் தகாதது அன்று என்று தோன்றினால், தொழுமரத்திலே ஆறு மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம்!

தொழுமரம் என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களிலே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். துளையிட்ட இரண்டு கட்டைகள். துளைக்குள்ளே காலை நுழைத்து, மேற்கட்டையை இறக்கிப் பூட்டிவிட்டால், மாட்டப்பட்டவன் எழவும் முடியாது; நகரவும் முடியாது. ஊர் நடுவிலே, வெயிலிலே, பெற்ற பிள்ளைகள் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வசைமொழிக்குச் சாதிவாரியாகத் தண்டனையை அளந்து வைத்தவர் மனு. எட்டாம் அத்தியாயத்திலே காணலாம். மனுவின் அளவுகோலைக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர் கையில் எடுத்துக்கொண்டு, ரெகுலேஷன் என்று அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். ஒரே சொல்லைச் சொன்ன இருவரிலே, ஒருவருக்குச் சாவடித் திண்ணை, மற்றவருக்கு மரம்.

நான் பேச வந்தது தண்டனையைப் பற்றி மட்டுமன்று. அந்த மரத்தடிக்கு அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்பதைப் பற்றி. எழுத்திலே ஓர் அழைப்பு உண்டா? இன்ன குற்றம், இன்ன நாள், இன்ன இடம், குற்றம் சாட்டியவர் இன்னார் என்று முன்கூட்டி அறிவிப்பு உண்டா? சாவடிக்கு வா என்று தலையாரி குரல் கொடுத்தால் போதும். வந்தவன் குற்றவாளி, வராதவன் அதனினும் பெரிய குற்றவாளி. அந்தக் குரலுக்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதம் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்தக் காகிதத்துக்குச் சம்மன் என்று பெயர். அழைப்பாணை என்று இன்று அழகிய தமிழிலே சொல்கிறோம்.

சம்மனுக்கும் ஒரு சரித்திரமா என்று சிரிப்போர் உண்டு. கொலை வழக்கு, கொள்ளை வழக்கு, அரசுக் கவிழ்ப்பு வழக்கு இவை பற்றி ஏடுகள் நிறைய உண்டு. சில்லறை வழக்கு என்றால் வரலாற்றாசிரியரின் எழுதுகோல் உறங்கிவிடுகிறது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஆயிரம் பேரிலே எத்தனை பேர் கொலை வழக்கிலே கூண்டேறப் போகிறார்கள்? சுவரொட்டி ஒட்டியதற்கு, தடையை மீறி ஊர்வலம் நடத்தியதற்கு, பாதையோரத்திலே கடை விரித்ததற்கு, அண்டை வீட்டாருடன் வாய் வளர்த்ததற்கு என்று வருகிற வழக்குகளிலேதான் அரசாங்கத்தின் கை ஏழை எளியவர் மீது படுகிறது. போலீசார் வாயிலே அதற்குப் பெட்டி கேஸ் என்று பெயர். அந்தக் கை தோளைத் தொட்டு அழைக்கிறதா, கழுத்தைப் பிடித்து இழுக்கிறதா என்பதைப் பார்த்தால், அந்த ஆட்சியின் குணத்தை அளந்துவிடலாம்.

அழைத்துக் கேட்டல் நமக்குப் புதிய பாடமன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும், அழைத்துக் கேட்காத ஒரு பிழையின் மீதுதான் எழுந்து நிற்கிறது. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனின் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு வீரனை அனுப்பி அவனை அவைக்கு அழைத்து வந்திருந்தால், மாணிக்கமா முத்தா என்று அப்போதே தெரிந்திருக்கும். கொன்ற பிறகுதான் உடைபட்டது சிலம்பு.

ஏதென்ஸ் நகரத்தாரின் வழக்கம் வேறு. அங்கே குற்றம் சாட்டுபவனே சாட்சிகளை உடன் அழைத்துக்கொண்டு எதிரியிடம் சென்று, இன்ன குற்றத்துக்காக இன்ன நாளில் இன்ன அதிகாரி முன் வந்து நில் என்று வாயாலே சொல்லி அழைக்க வேண்டும். கி.மு. 399இல் சாக்ரடீசை மெலட்டஸ் அழைத்ததும் அந்த முறையிலேதான். அழைக்காமலே அழைத்ததாகப் பொய்ச் சாட்சி சொன்னால் அதற்கென்று தனி வழக்கு உண்டு. மூன்று முறை அந்தப் பழியிலே சிக்கியவன் குடிமகன் என்ற உரிமையையே இழப்பான். சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்த நகரம்தான் அது. ஆயினும் அழைப்பிலே பொய் கலக்கக் கூடாது என்பதில் அதற்கு இருந்த கண்டிப்பை, வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் 'ஆள் இல்லை, கதவில் ஒட்டினேன்' என்று எழுதிக் கொடுக்கும் இன்றைய சேவகர் எவராவது இருந்தால், அவர் காதிலே போட்டு வைப்பது நல்லது.

இங்கிலாந்துக்கு வருவோம், நம் நாட்டுச் சம்மனின் தாய்வீடு அதுதான். 1215இல் ஜான் மன்னனிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்ன கார்ட்டா என்னும் பட்டயத்திலே, நம்பத்தக்க சாட்சி இல்லாமல் தன் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எவரையும் வழக்குக்கு இழுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதற்கு அடுத்த விதி, சுதந்திர மனிதன் எவனையும் நாட்டுச் சட்டப்படியன்றிப் பிடிக்கக் கூடாது என்கிறது. 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லைக் கவனியுங்கள்! நிலத்தோடு கட்டப்பட்டுக் கிடந்த பண்ணையடிமைகள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். உரிமைப் பட்டயம் எழுதப்படும்போதெல்லாம் வாசலிலே ஒரு கூட்டம் நிறுத்தி வைக்கப்படுவது எந்த நாட்டுக்கும் பொது.

பிறகு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கேம்பிரிட்ஜிலே டிரினிட்டி கல்லூரியின் தலைவராக இருந்தவர் ரிச்சர்டு பெண்ட்லி, கிரேக்க, இலத்தீன் நூல்களிலே பெரும்புலவர், வாயிலும் பெரியவர். பட்டம் பெற்ற ஒருவரிடம் நான்கு கினி கட்டணம் வாங்கினார் என்று பல்கலைக் கழக மன்றத்திலே வழக்கு வந்தது. நான்கு கினிக்கு வந்த சண்டை! மன்றத்தின் ஆணையைக் கொண்டு வந்த சேவகரிடம் பெண்ட்லி மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று சொல்லி, அவரை மீண்டும் அழைத்து விளக்கம் கேளாமலே, 1718இல் அவருடைய பட்டங்களைப் பறித்துவிட்டனர். வழக்கு மன்னர் மன்றத்துக்குப் போயிற்று. பட்டங்களைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பாயிற்று. அங்கே நீதிபதி ஒருவர் ஒரு வேடிக்கையான மேற்கோள் காட்டினார். ஏதேன் தோட்டத்திலே விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாமைக்கூட, கடவுள் எடுத்தவுடன் தண்டிக்கவில்லையாம். எங்கே இருக்கிறாய், தின்றாயா என்று அழைத்துக் கேட்ட பிறகுதான் தண்டித்தாராம்!

ஏதேன் தோட்டம் எந்த ஊரிலே இருந்தது, அதன் பட்டா எண் என்ன என்று நாம் கேட்கப் போவதில்லை. எல்லாம் அறிந்தவர் என்று பக்தர்கள் சொல்லும் கடவுளுக்கே, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று ஒரு நீதிபதி சொல்கிறார். கட்டுக்கதையிலிருந்து எடுத்தாலும் கருத்து பகுத்தறிவுக் கருத்து. எல்லாம் அறிந்தவரே இல்லாத இந்த உலகத்திலே, கேளாமல் தண்டிக்க எவருக்கு உரிமை?

பெண்ட்லி பெரிய மனிதர். வழக்காடப் பணமும் பழக்கமும் இருந்தன. முயலுக்குக் கண்ணி வைத்த கூலிக்காரனுக்கு என்ன இருந்தது? வேட்டைச் சட்டங்களின்படி கிராமப்புறத்து நீதிபதி யார்? அந்த வட்டாரத்து நிலப்பிரபு. நிலமும் அவர் இனத்தாருடையது, முயலும் அவர் இனத்தாருடையது, நீதியும் அவர் கையிலே. விசாரணை எங்கே? பல சமயம் அவருடைய மாளிகைக் கூடத்திலேயே. 1848இல் அரசாங்க வழக்கறிஞராக இருந்த ஜான் ஜெர்விஸ் கொண்டு வந்த சட்டம் இந்தக் கூடத்துக்குக் கதவு வைத்தது என்பதைவிட, கதவைத் திறந்து வைத்தது என்பதே பொருந்தும். குற்றச்சாட்டு முதலிலே நீதிபதியிடம் பதிவாக வேண்டும். அதன் பொருளைச் சுருக்கமாகச் சொல்லும் சம்மன் எதிரியின் கையிலோ வீட்டிலோ தரப்பட வேண்டும். சம்மன் உரிய காலத்தில் தரப்பட்டது என்று மெய்ப்பித்த பிறகே, வராதவன் மீது நடவடிக்கை. விசாரணை நடக்கும் அறை பொதுமக்கள் வரக்கூடிய திறந்த மன்றம். எதிரி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். குற்றம் நடந்து ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். சிறு குற்றத்துக்கென்று ஒரு முழு நடைமுறையை எழுத, மாக்ன கார்ட்டாவுக்குப் பிறகு 633 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதே காலத்திலே சென்னை மாகாணத்திலே என்ன நடந்துகொண்டிருந்தது? 1854இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலே எழுந்த பேச்சின் விளைவாக, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட குழு அமைந்தது. சென்னை மாகாணத்துச் சித்திரவதை பற்றிய அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. கச்சேரிக்கு அழைக்கப்பட்ட குடியானவன் அங்கே எதைக் கண்டான் என்பதற்கு அரசாங்கமே அச்சிட்ட சாட்சியம் அது. வெயிலிலே நிறுத்தினார்கள். கிட்டியிலே விரல்களை வைத்து நெரித்தார்கள். அண்ணாந்தாள் என்று பெயரிட்டு, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து உடலை வளைத்துக் கட்டிப் போட்டார்கள். கிட்டி, அண்ணாந்தாள் என்னும் நம் சொற்கள் ஆங்கில அறிக்கையிலே ஏறி இலண்டன் போய்ச் சேர்ந்தன. தமிழ்ச் சொல் அயல்நாடு சென்ற பெருமைகளிலே இது சேராது. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைக்கும் இந்த அறிக்கையே ஆதாரமாயிற்று.

ஏன் நடந்தது இந்தக் கொடுமை? மனிதர் கெட்டவர் என்பது விடையாகாது. வரி தண்டும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். மாவட்டத்தின் வரி வருமானத்துக்குப் பொறுப்பான கலெக்டரே மாஜிஸ்திரேட். அழைப்பவர், பிடிப்பவர், விசாரிப்பவர் எல்லாம் ஒரே கச்சேரியார். அங்கே அழைப்பு என்பது தண்டனையின் முதல் பகுதியாகிவிடுகிறது. அறிக்கைக்குப் பிறகு 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் போலீசு தனித் துறையாயிற்று. 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிறந்தது. அது 1872இலும் 1882இலும் 1898இலும் திருத்தி எழுதப்பட்டது.

1898ஆம் ஆண்டுச் சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரித்தது: சம்மன் வழக்கு, வாரண்டு வழக்கு. ஆறு மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெறக்கூடியது வாரண்டு வழக்கு. மற்றவை சம்மன் வழக்கு. அந்த எல்லை 1955இல் ஓராண்டாகவும், 1973இல் இரண்டாண்டாகவும் உயர்ந்தது. சிறு குற்றம் என்றால் முதலிலே காகிதம் வரவேண்டும், கைவிலங்கு அன்று. அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். இரண்டு படிகள் வேண்டும். நீதிபதியின் கையெழுத்தும் மன்றத்தின் முத்திரையும் வேண்டும். கூடுமானால் உரியவர் கையிலேயே ஒரு படியைத் தர வேண்டும். மற்றொரு படியின் பின்புறத்திலே அவர் கையொப்பம் பெற வேண்டும். சம்மனுக்குப் பதிலாக வாரண்டு பிறப்பிக்க நீதிபதி விரும்பினால், காரணத்தை எழுத்திலே வைக்க வேண்டும். காரணத்தை எழுது என்பது சிறு கட்டளைபோலத் தோன்றும். காரணம் இல்லாதவனுக்கு அதைவிடப் பெரிய தடை வேறில்லை.

மன்றத்துக்கு வந்து நின்ற பிறகு என்ன? உன்மீது சாட்டப்பட்ட குற்றம் இதுவென்று விவரம் சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், கூடியவரை அவன் சொன்ன சொற்களிலேயே அதை எழுத வேண்டும். இந்த விதியை எழுதியவரை மனமாரப் பாராட்டலாம். 'ஆமாங்க, அடிச்சேன், அவன்தான் முதல்ல என் அம்மாவைப் பேசினான்' என்று ஒருவன் சொன்னதைக் 'குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று இரண்டே சொல்லில் குமாஸ்தா எழுதிவிட்டால், வழக்கே மாறிப் போகிறது அல்லவா? அவன் சொல் அவன் சொல்லாகவே ஏட்டிலே ஏறினால், மேல் மன்றத்தின் கண்ணுக்காவது அது தெரியும்.

இத்தனை சிறப்பையும் சொன்ன பிறகு, அதே சட்டத்தின் முதற் பிரிவைப் படியுங்கள். இந்தச் சட்டத்திலே உள்ள எதுவும், வேறு விதியாகக் குறிப்பிட்டுச் சொல்லாத வரையில், சென்னை மாகாணத்துக் கிராமத் தலைவர்களுக்குப் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது! கையெழுத்து, முத்திரை, இரண்டு படி, எழுதிய காரணம் எல்லாம் பட்டணத்து மன்றத்துக்கு. கிராமச் சாவடிக்கு 1816தான். யாருக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் வேண்டுமோ, அவர் வாழும் ஊரின் எல்லையிலே அது நின்றுவிட்டது. இந்த விலக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலேதான் இல்லாமற் போயிற்று. 1980இல் தமிழ்நாட்டிலே பழைய கிராம அதிகாரிப் பதவிகளே ஒழிக்கப்பட்டன.

அழைப்பு என்ற சொல்லையே கேலி செய்த இன்னொரு சட்டமும் இருந்தது. 1871இல் வடக்கிலே பிறந்து, 1911இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். ரேகைச் சட்டம் என்று மக்கள் அதை அழைத்தார்கள். அங்கே சம்மன் இல்லை; ஏனெனில் குற்றச்சாட்டே இல்லை. பிறந்த குலமே குற்றம். பெயரைப் பதிந்து, விரல் ரேகை எடுத்து, இரவானால் வந்து ஆஜர் கொடு என்றார்கள். வராமை ஒன்றே தண்டனைக்குரிய குற்றம். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட பதினாறு பேர் மாண்டனர். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே 1947இல் நீக்கப்பட்டது. குற்றம் இன்னது என்று சொல்லி அழைப்பதற்கும், சொல்லாமல் அழைப்பதற்கும் உள்ள தொலைவை அளக்க வேண்டுமானால், அந்த ஊரிலிருந்து அளக்கத் தொடங்கலாம்.

விடுதலைக்குப் பிறகு வந்த மாறுதல்களிலே 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அதுவரை, தனியார் கொடுத்த புகாரின் பேரிலே சம்மன் வந்தால், புகாரிலே என்ன எழுதியிருக்கிறது என்று எதிரி அறிந்துகொள்வது அவன் பாடு. மன்றத்துக்கு அலைந்து, குமாஸ்தாவைக் கண்டு, நகல் மனுப் போட்டு, அதற்கும் காசு கொடுத்துப் படிக்க வேண்டும். எழுத்து மூலமான புகாரின் நகலைச் சம்மனோடு சேர்த்தே அனுப்பு என்றது திருத்தம். அரசுத் தரப்புச் சாட்சிகளின் பட்டியல் வராத வரையில் சம்மனே அனுப்பாதே என்றும் சொல்லிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை வைத்துக்கொண்டு, காலவரையறையையும் சேர்த்தது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமானால் ஆறு மாதம். ஓராண்டு வரை சிறைக்குரியதானால் ஓராண்டு. மூன்றாண்டு வரை சிறைக்குரியதானால் மூன்றாண்டு. ஜெர்விஸின் ஆறு மாதம் 125 ஆண்டு கழித்து இங்கே முளைத்தது. பத்தாண்டுக்கு முந்திய வாய்ச்சண்டையை அலமாரியிலே வைத்திருந்து, வேண்டாதவன் மீது வீசுவதற்கு இதனால் தடை வந்தது.

ஆயினும் சம்மன் ஒருவன் கைக்கு வந்துவிட்டால், அந்தக் கணமே அவன் வாழ்க்கை மாறுகிறது. கூலிக்காரனுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. டவாலி பெயரைக் கூப்பிடும்போது எங்கே இல்லாமற் போய்விடுவோமோ என்று பகலெல்லாம் பசியோடு வராந்தாவிலே நிற்க வேண்டும். பிறகு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்பார்கள். விடுதலையாகிறவன்கூட இந்தத் தண்டனையை முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் விடுதலையாகிறான். இதனாலேதான், ஒருவரைக் குற்றவாளியாக மன்றத்துக்கு அழைப்பது கடுமையான செயல், இயந்திரம்போல் அதைச் செய்யலாகாது, நீதிபதி தம் மனத்தைச் செலுத்தி ஆராய்ந்த பிறகே சம்மன் அனுப்ப வேண்டும் என்று 1997இல் பெப்சி உணவு நிறுவன வழக்கிலே உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தது ஒரு பெரிய நிறுவனம். விளைந்த நெறி எல்லார்க்கும் பொது. முதலிலே சம்மன், அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் விடத்தக்க வாரண்டு, அதன் பிறகே கடுமையான வாரண்டு என்னும் படிமுறையை 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கிலே அதே மன்றம் வற்புறுத்திற்று. மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆராயாமல் ஒரு நீதிபதி சம்மன் அனுப்பிவிட்டால், தவறு என்று உணர்ந்தாலும் அவரே அதைத் திரும்பப் பெற முடியாது என்று 2004இல் அதாலத் பிரசாத் வழக்கிலே தீர்ப்பாயிற்று. உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேண்டும். ஐந்நூறு ரூபாய் அபராத வழக்குக்கு உயர் நீதிமன்றம்!

ஆகவேதான் 'ஒப்புக்கொண்டுவிடு, அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ' என்ற அறிவுரை மன்ற வளாகத்திலே மலிவாகக் கிடைக்கிறது. நேரிலே வராமலே, அஞ்சலிலோ ஆள் மூலமோ குற்றத்தை ஒப்புக்கொண்டு, சம்மனிலே குறித்த அபராதத்தையும் அனுப்பிவிடலாம் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. நூறு ரூபாய்க்கு மேற்படாத அபராதத்துக்கு என்று முதலிலே வைத்தார்கள். 2005இன் திருத்தம் அதை ஆயிரமாக்கிற்று. கூலிக்காரனுக்கு இது வசதியே, மறுக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டவன் தண்டனை பெற்றவனாகிறான். நாளை அரசாங்க வேலைக்கு மனுப் போட்டால், வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று படிவம் கேட்கும். அப்போது அந்த நூறு ரூபாயின் விலை தெரியும்.

வசதி என்ற வாசல் வழியே எது நுழையும் என்பதற்கு இங்கிலாந்தே எடுத்துக்காட்டு. அங்கே 1957இல் அஞ்சல் வழி ஒப்புதல் வந்தது. 2015இல் ஒற்றை நீதிபதி முறை வந்தது. சிறைத்தண்டனை இல்லாத சிறு குற்றமானால், ஓர் அறிவிப்பை அஞ்சலிலே அனுப்புவார்கள். 21 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு நீதிபதி, ஒரு சட்ட ஆலோசகரை வைத்துக்கொண்டு, காகிதங்களைப் பார்த்து முடிவு செய்வார். பொதுமக்கள் இல்லை, பத்திரிகையாளர் இல்லை, எதிரியும் இல்லை. பதில் வராவிட்டாலும் தீர்ப்பு வரும். வீடு மாறிப் போனவருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததா? மருத்துவமனையிலே கிடந்தவர் உறையைப் பிரித்தாரா? காகிதம் பேசாது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டாத வழக்குகளும், ரயில் கட்டண வழக்குகளும் இப்படியே கட்டுக்கட்டாக முடிந்தன. 2024 ஆகஸ்டிலே பூதம் வெளிப்பட்டது. 1889ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி கட்டணம் ஏய்த்தார் என்னும் வழக்கை இந்த முறையிலே நடத்த ரயில் நிறுவனங்களுக்கு அதிகாரமே இல்லையாம்! தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் அந்தத் தண்டனைகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு தொட்ட வழக்குகள் ஏறத்தாழ 74,000. திறந்த மன்றமாக இருந்து, ஒரே ஒரு வக்கீல் எழுந்து, இந்த வழக்கை இங்கே நடத்த என்ன விதி என்று கேட்டிருந்தால், எழுபத்து நாலாயிரம் என்னும் தொகை வந்திருக்குமா? 1848இல் ஜெர்விஸ் திறந்து வைத்த கதவை, செலவு மிச்சம் என்று சொல்லி 2015இல் சாத்தினார்கள். ஒன்பது ஆண்டு இருட்டிலே நடந்ததை எவரும் காணவில்லை.

நம் நாட்டிலே 2024 ஜூலை 1 முதல், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திலே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடக்கிறது. பெயரைத் தமிழிலே படிப்பதற்கே பயிற்சி வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட குப்பனும் சுப்பனும் அதை எப்படி உச்சரிப்பார்களோ, எழுதியவர்களுக்கே வெளிச்சம். உள்ளே நல்ல விதி ஒன்று புதிதாக உண்டு. தனியார் புகாரின் பேரிலே, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்ல வாய்ப்புத் தராமல் வழக்கை மன்றம் ஏற்கக் கூடாது என்கிறது அதன் 223ஆம் பிரிவு. முன்பெல்லாம் சம்மன் வந்த பிறகுதான் எதிரி வாய் திறக்கலாம். இப்போது அதற்கு முன்னரே, இந்தப் புகாரிலே பொருளில்லை என்று அவர் எடுத்துரைக்க இடம் கிடைத்திருக்கிறது.

மன்ற முத்திரையின் உருவத்தைத் தாங்கிய சம்மனை மின்னணு வழியிலும் அனுப்பலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இங்கேதான் கண் விழித்திருக்க வேண்டும். போலீசார் அனுப்பும் அழைப்பு வேறு. மன்றத்தின் சம்மன் வேறு. கைது செய்யத் தேவையில்லாத வழக்குகளிலே, விசாரணைக்கு வா என்று போலீசார் முதலில் எழுத்திலே அறிவிக்க வேண்டும் என்னும் விதி, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்து 2010இல் நடைமுறையாயிற்று. ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களிலே, தேவையா என்று பாராமல் கைது செய்யாதே என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அந்த விதிக்கு உயிர் கொடுத்தது. அந்த அறிவிப்பைப் போலீசார் வாட்ஸ்அப்பிலே அனுப்பத் தலைப்பட்டனர். 2025 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரியானா அரசு அதை மாற்றக் கேட்டபோது, அதே ஆண்டு ஜூலையிலே மறுத்துவிட்டது. அறிவிப்பை மீறினால் கைது வரலாம். ஒருவரின் விடுதலை அதிலே தொங்குகிறது. ஆகவே சட்டம் சொன்ன முறையிலேதான் தர வேண்டும் என்பது காரணம். கைப்பேசி பேரனிடம் இருக்கும். காசு தீர்ந்து இணைப்பு அறுந்திருக்கும். திருமண வாழ்த்துக்கும் நல்ல காலைப் படத்துக்கும் நடுவிலே அரசாங்கத்தின் அழைப்பு புதைந்து கிடக்கும். இதை உணர்வதற்கு மெத்தப் படித்திருக்க வேண்டியதில்லை.

சம்மன் கைக்கு வந்த தோழர் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா? தனியார் புகாரானால் அதன் நகல் உடன் வந்ததா? குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளுக்கும் வழக்குத் தொடுத்த நாளுக்கும் இடையே காலவரையறை கடந்துவிட்டதா? வேலையோ நோயோ தடுத்தால், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கவும், வக்கீல் மூலம் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால், மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே அங்கே இலவச வக்கீல் உண்டு.

இன்னொன்று, சிறிய செய்திதான். உரியவர் வீட்டிலே இல்லையென்றால் சம்மனை யாரிடம் தரலாம்? குடும்பத்திலே அவருடன் வாழும் வயதுவந்த ஆண் ஒருவரிடம் என்றது 1898ஆம் ஆண்டுச் சட்டம். 1973ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே எழுதி வைத்தது. மாவட்ட ஆட்சியராகவும் நீதிபதியாகவும் பெண்கள் வந்துவிட்ட பிறகும், தன் கணவனுக்கோ மகனுக்கோ வந்த காகிதத்தைக் கையெழுத்திட்டு வாங்க அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணிலே தகுதியில்லை. சேவகர் கதவிலே ஒட்டிவிட்டுப் போகலாம், அவளிடம் தரலாகாது. 2024 ஜூலை 1 அன்று 'ஆண்' என்ற அந்த ஒரு சொல் நீங்கிற்று.